எங்கள் வீட்டுக் குழாய் எந்த ஏரிக்குப் போகிறது

2019 கோடையை சென்னைக்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். ஊருக்குக் குடிநீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வெடித்துக் கிடந்தன. கிழக்குத் தாம்பரம் பக்கம் இருக்கும் எங்கள் அடுக்ககத்தில் போர்வெல்லைப் போட்டால் காற்றுதான் வந்தது. லாரிக்குப் பணம் கட்டிவிட்டு மூன்று நாள் காத்திருப்போம், அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு வரும். ஆனால் பால்கனியில் நின்றால் எதிரே ஏரி. அதில் மட்டும் தண்ணீர் இருந்தது. ஊரே வறண்டு கிடக்கும்போது எங்கள் ஏரி மட்டும் பச்சைப்பசேல் என்று ஆகாயத்தாமரை போர்த்திக்கொண்டு நிறைந்து நின்றது. எங்களுக்கெல்லாம் அதில் ஒரு பெருமைகூட இருந்தது. "என்ன இருந்தாலும் நம்ம ஏரி வத்தாது சார்" என்று மூன்றாவது மாடிக்காரர் அடிக்கடி சொல்வார்.

அந்தப் பெருமை எவ்வளவு பெரிய அசட்டுத்தனம் என்று புரிய எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அதைத்தான் எழுதப் போகிறேன். ஏரியின் பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் அடுக்ககத்தின் பெயரையும் சொன்ன மாதிரி ஆகிவிடும், அப்புறம் கீழே எழுதப்போகும் சமாசாரத்துக்கு என்னை லிஃப்ட்டில் ஏற விட மாட்டார்கள்.

அந்தக் கோடையில் ஊர் முழுக்க ஏரி சுத்தம் செய்யும் ஆர்வம் பரவியிருந்தது. சிட்லபாக்கத்தில் பொதுமக்களே ஏரியில் இறங்கி வேலை செய்ததைப் பார்த்துவிட்டு நாங்களும் ஞாயிற்றுக்கிழமைகளில் இறங்கினோம். முதலில் இருபது பேர், பிறகு அறுபது பேர். காசு திரட்டி இரண்டு நாள் ஜேசிபி வாடகைக்கு எடுத்தோம். கரையோரமாக மலைபோல ஆகாயத்தாமரையை வாரிக் குவித்தோம். போட்டோ எடுத்தோம். ஒரு நாளிதழின் உள்ளூர்ப் பக்கத்தில்கூட வந்தது. தீபாவளிக்குள் ஏரி பழையபடி பச்சையாகிவிட்டது. அடுத்த பொங்கலுக்குள் நாங்கள் வாரிய அடையாளமே இல்லை.

ஆகாயத்தாமரை தென் அமெரிக்கச் செடி. சத்து கிடைத்தால் இரண்டு வாரத்தில் இரண்டு மடங்காகப் பெருகும். சத்து என்றால் நைட்ரஜனும் பாஸ்பரஸும். நாம் கழிப்பறையிலும் துணி துவைக்கும் மெஷினிலும் வெளியே அனுப்புவது அதைத்தான். சாப்பாடு போட்டுக்கொண்டே இருந்துவிட்டு வளராதே என்று செடியிடம் சண்டை போட்டிருக்கிறோம். இன்னும் சொல்லப்போனால் செடியை வாரி எடுத்ததாவது கொஞ்சம் சத்தை வெளியே கொண்டுவந்த மாதிரி. நாங்களோ வாரியதைக் கரையிலேயே அழுக விட்டோம், முதல் மழையில் அந்தச் சாறு முழுக்கத் திரும்ப ஏரிக்குள்ளேயே இறங்கியது.

இந்தப் பக்கம் என்னை யோசிக்க வைத்தவர் எந்த நிபுணரும் இல்லை. மதகுப் பக்கத்தில் இரண்டு மாடு வைத்துக்கொண்டு இன்னமும் அந்த ஊர்க்காரராகவே வாழும் ஒரு பெரியவர். அவருடைய அப்பா அந்த ஏரிக்குக் கம்புகட்டியாக இருந்தவர். செங்கல்பட்டுப் பக்கம் ஏரித் தண்ணீரை வயலுக்கு முறை வைத்துத் திறந்துவிடுகிறவருக்கு அதுதான் பெயர். நான் பெருமையாக, "இந்தக் கோடையிலும் நம்ம ஏரி வத்தலை ஐயா" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சித்திரையில வத்தாததெல்லாம் ஏரி இல்ல தம்பி. அந்தக் காலத்துல சித்திரை வைகாசியில உள்ளதான் மாடு மேயும். வெள்ளரி போடுவோம். வண்டி கட்டி வண்டல் அள்ளிட்டுப் போவோம். இப்ப வத்தாம இருக்குன்னா எங்கிருந்து வருதுன்னு போய்ப் பாரு."

சரி, போய்ப் பார்ப்போம் என்றுதான் கிளம்பினோம்.

வட தமிழ்நாட்டு ஏரி பெரும்பாலும் தோண்டியதல்ல. சரிவான நிலத்தில் ஒரு பக்கம் மட்டும் பிறை மாதிரி கரை போட்டு, மேலேயிருந்து ஓடிவரும் மழைத்தண்ணீரைத் தடுத்து நிறுத்துவது. அதனால் ஆழம் இருக்காது, பரப்புதான் இருக்கும். மேட்டுப் பக்கம் கரையே கிடையாது. அங்கே வரத்துக் கால்வாய்கள் வந்து சேரும். கரையில் மதகு, வயலுக்குத் தண்ணீர் விட. ஓரத்தில் கலங்கல், நிறைந்தால் வழிய. வழிந்தது அடுத்த ஏரிக்குப் போகும். இப்படி ஒன்றின் கழுத்தில் ஒன்று கோத்த மாலை மாதிரி தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேல் ஏரி, குளம், கண்மாய்கள். எங்கள் பகுதியிலேயே சேலையூர் ஏரி ராஜகீழ்ப்பாக்கத்துக்கு, அது செம்பாக்கத்துக்கு, சிட்லபாக்கத்து உபரியும் செம்பாக்கத்துக்கு, அங்கிருந்து நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு. யாரோ பெயர் தெரியாதவர்கள் லெவல் மெஷின் இல்லாமல் கண்ணாலேயே சரிவு பார்த்துப் போட்ட கணக்கு. நாம் அதன்மேல் வீட்டு மனை போட்டோம்.

பழைய கிராம வரைபடத்தை வாங்கிக்கொண்டு எங்கள் ஏரிக்கு வரும் கால்வாயைத் தேடினோம். படத்தில் இரண்டு வரத்துக் கால்வாய் இருந்தது. ஒன்று இருக்கவேண்டிய இடத்தில் தார் ரோடு, அதன் ஓரம் சிமெண்ட் மழைநீர் வடிகால். மற்றொன்றை ஒரு கல்யாண மண்டபத்தின் சுற்றுச்சுவர்வரை கண்டுபிடித்தோம், அதற்கப்புறம் காணோம். மழை பெய்யாத பிப்ரவரி மாசம் அது. வடிகாலில் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது. நாலு ஞாயிற்றுக்கிழமை, ஒரு கையில் நோட்டு, ஒரு கையில் கைக்குட்டை. ஏரி வாய் வரை 23 குழாய்கள் எண்ணினோம். இருபத்துமூன்றாவது குழாயில் நின்றபோது எனக்கு அந்தச் சுவரின் பெயிண்ட் நிறம் எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே, தினமும் பார்க்கிறேனே. எங்கள் அடுக்ககத்தின் பின்சுவர்.

செப்டிக் டேங்க் நிறைந்தால் வழிவதற்குக் கட்டும்போதே ஒரு குழாயைப் போட்டு வடிகாலில் விட்டிருக்கிறார்கள். 64 வீடு. பத்து வருஷம். கழிவுநீர் லாரிக்கு மாதம் ஒரு தடவைதான் காசு கொடுக்கிறோம், எப்படி இவ்வளவு குறைவாக வருகிறது என்று எங்களில் யாருமே கேட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரியை வாரிவிட்டு வீட்டுக்கு வந்து குளித்த தண்ணீரும் அந்த வழியாக ஏரிக்குத்தான் போயிருக்கிறது.

இந்த இடத்தில் கொஞ்சம் படிக்க ஆரம்பித்தேன், ஏனென்றால் ஒரு கேள்வி வந்தது. குழாயை எல்லாம் அடைத்துவிட்டால் ஏரி தானாகச் சரியாகிவிடுமா?

அமெரிக்காவின் சியாட்டிலில் லேக் வாஷிங்டன் என்று ஒரு பெரிய, ஆழமான ஏரி. சுற்றியிருந்த ஊர்கள் சுத்திகரித்த கழிவுநீரை அதில் விட்டுப் பாசி படர்ந்து நாறியது. சுத்திகரித்த தண்ணீர்தான், ஆனால் அதில் பாஸ்பரஸ் அப்படியே இருந்தது. இதை நம் ஊரில் அடிக்கடி மறந்துவிடுகிறோம், சுத்திகரிப்பு நிலையம் வைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று. எட்மண்ட்சன் என்ற விஞ்ஞானி பாஸ்பரஸ்தான் காரணம் என்று விடாமல் சொன்னார். மக்கள் செலவை ஏற்றுக்கொள்ளச் சம்மதித்து 1963 முதல் 1968 வரை படிப்படியாகக் கழிவுநீரை வேறு பக்கம் திருப்பினார்கள். சில வருஷங்களில் ஏரி தெளிந்துவிட்டது.

அதே காலத்தில் ஸ்வீடனில் ட்ரும்மன் என்று ஒரு சின்ன ஏரி. அங்கேயும் 1950-களின் கடைசியில் கழிவுநீரை நிறுத்தினார்கள். பத்து வருஷம் காத்திருந்தும் ஒன்றும் நடக்கவில்லை. ஏனென்றால் அது ஆழமில்லாத ஏரி. இத்தனை வருஷம் வந்த பாஸ்பரஸ் எல்லாம் அடிச்சேற்றில் உட்கார்ந்துகொண்டு, ஆக்சிஜன் குறையும்போதெல்லாம் திரும்ப மேலே வந்தது. வெளியிலிருந்து வரும் கழிவு நின்றாலும் உள்ளேயே ஒரு சாக்கடை ஊறிக்கொண்டிருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 1970, 1971 இரண்டு வருஷமும் அடியிலிருந்து மொத்தம் சுமார் ஒரு மீட்டர் சேற்றை உறிஞ்சி எடுத்த பிறகுதான் ஏரி பிழைத்தது.

நம் ஏரிகள் ட்ரும்மன் ஜாதி. ஆழமில்லை. முதலில் கழிவுநீரை நிறுத்தவேண்டும், பிறகு சேற்றை எடுக்கவேண்டும், இரண்டும் வேண்டும், இந்த வரிசையில் வேண்டும். நாம் தலைகீழாகச் செய்வோம். டெண்டர் விட்டுத் தூர் வாருவோம், வாரிய குழியில் சாக்கடையைச் சேமிப்போம். இன்னொன்றும் தோன்றியது. பெரியவர் சொன்ன சித்திரை வறட்சி இருக்கிறதே, அது சும்மா இல்லை. வருஷா வருஷம் ஏரி காய்ந்து, சேறு வெயிலில் வெடித்து, காற்று பட்டு, ஆட்கள் வண்டலை அள்ளிக்கொண்டு போய் வயலில் போட்டபோது சத்து ஏரியிலிருந்து வெளியேறி நெல்லுக்குப் போனது. ட்ரும்மனில் மெஷின் வைத்துச் செய்ததை இங்கே மாட்டுவண்டி வருஷம் தவறாமல் செய்துகொண்டிருந்தது. பழங்காலப் பெருமை பேசுகிறேன் என்று நினைக்காதீர்கள், எனக்கு அந்த நோய் கிடையாது. அந்த ஏரியில் யார் முதலில் தண்ணீர் பாய்ச்சலாம், யார் கரையேறக்கூடாது என்பதிலெல்லாம் ஜாதி இருந்தது. ஆனால் சேற்றுக் கணக்கு சரியாக இருந்தது.

சரி, வற்றாத ஏரியால் என்ன கெடுதல், நாற்றம்தானே என்று கேட்கலாம். சென்னை வெள்ளத்தில் மூழ்கிய 2015 டிசம்பர் 1-ஆம் தேதி ராத்திரியை நினைத்துப் பாருங்கள். ஏரியின் முதல் வேலை காலியாக இருப்பது. ஐப்பசி பிறக்கும்போது பாதிக்கு மேல் வயிறு காலியாக இருந்தால்தான் அடைமழையை வாங்கிவைக்க முடியும். எங்கள் ஏரி மழைக்கு முன்னாலேயே சாக்கடையால் முக்கால்வாசி நிறைந்திருக்கும். இரண்டு நாள் மழைக்கே கலங்கல் வழியும். இப்படி மேலே இருக்கும் ஒவ்வொரு ஏரியும் ஒரே நேரத்தில் வழிந்தால் எல்லாம் எங்கே போகும்? பள்ளிக்கரணைக்கு. சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பின் தண்ணீர், முப்பதுக்கும் மேற்பட்ட ஏரிகளின் உபரி, அந்தச் சதுப்பில் இறங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய், கோவளத்தில் கடல் சேரவேண்டும். அந்தச் சதுப்பு 1965-இல் சுமார் 5,500 ஹெக்டேர். இப்போது அதில் சிறு பங்குதான் மிச்சம். நடுவில் துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலை, ஒரு பக்கம் பெருங்குடி குப்பைமேடு, சதுப்புநிலத்திலேயே கடல் தொழில்நுட்ப நிறுவனமும் காற்றாலை ஆராய்ச்சி நிறுவனமும், ஐடி கம்பெனிகள். கடலையும் காற்றையும் ஆராய்வதற்குச் சதுப்பு நிலத்தைத்தான் கொடுத்தார்கள் என்பதை என்னவென்று சொல்ல. 2007-இல் 317 ஹெக்டேரைக் காப்புக்காடாக அறிவித்தார்கள், 2022-இல் 1,247 ஹெக்டேர் ராம்சார் தளமானது, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம். நல்லதுதான். ஆனால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையில் படகு ஓடியது.

ராம்சார் பலகை நட்டது கீழே, தண்ணீர் வருவது மேலேயிருந்து. சதுப்புக்குள் நாரைக்கும் பூநாரைக்கும் வேலி போட்டுவிட்டு, சேலையூரிலும் செம்பாக்கத்திலும் எங்கள் தெருவிலும் குழாயைத் திறந்துவிட்டிருந்தால் அந்தச் சதுப்பு எத்தனை நாள் தாங்கும்? இந்த வரிசையில் செம்பாக்கம் ஏரியில் நடந்த வேலை எனக்குப் பிடித்தது. சுமார் 100 ஏக்கர் ஏரி. தி நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் டிரஸ்ட் என்ற இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகளும் ஐஐடி மெட்ராஸும் சேர்ந்து எடுத்துச் செய்தது. பள்ளிக்கரணையைக் காப்பாற்ற வேண்டுமானால் மேலே இருக்கும் ஏரியில் தொடங்கவேண்டும் என்ற யோசனையே எனக்குச் சரியாகப் பட்டது. சிட்லபாக்கத்துக்கு அரசு 2019-இல் 25 கோடி ஒதுக்கியதும் மக்கள் விடாமல் கேட்டதால்தான்.

ஆனால் 'ஏரி மேம்பாடு' என்று பலகை வைத்த இடமெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. முதலில் கரையை அகலப்படுத்துவார்கள், நடைபாதைக்காக. அகலப்படுத்த இடம் எங்கிருந்து வரும்? ஏரிக்குள்ளிருந்துதான். நீங்கள் காலையில் கைவீசி நடக்கும் எட்டடியும் ஏரியின் கொள்ளளவில் போனது. அப்புறம் தூர் வாருகிறேன் என்று சோற்றுப்பானை மாதிரி ஓரம் செங்குத்தாக வெட்டிவிடுவார்கள். நாரைக்கும் உள்ளானுக்கும் முழங்கால் அளவுத் தண்ணீர் வேண்டும், ஓரத்தில் கோரையும் சம்பும் வேண்டும், தாழைக்கோழிக்கு ஒளிய இடம் வேண்டும். செங்குத்துச் சுவரில் எதுவும் நிற்காது. கோரையும் சம்பும் பறவைக்கு மட்டுமல்ல, வரும் தண்ணீரின் சத்தைக் கொஞ்சம் உறிஞ்சுவதே அவைதான், அதை 'புதர்' என்று அகற்றிவிட்டுக் கொரியன் புல் போடுவார்கள். அப்புறம் செல்ஃபி பாயிண்ட், 'ஐ லவ்' என்று இங்கிலீஷில் ஒளிரும் எழுத்து, ராத்திரி பூராவும் எரியும் விளக்கு. மதகைத் தேடினால் நடைபாதைக்கு அடியில் புதைந்திருக்கும். கலங்கலின் கீழே போகும் கால்வாயைப் பற்றி மட்டும் திட்டத்தில் ஒரு வரி இருக்காது, ஏனென்றால் அது இன்னொரு பஞ்சாயத்து, இன்னொரு இலாகா. ஏரி ஒருவரிடம், கால்வாய் ஒருவரிடம், சாக்கடை ஒருவரிடம், நிலப் பதிவேடு இன்னொருவரிடம். நாங்கள் மனுவோடு ஏறி இறங்கிய நாலு அலுவலகங்களும் மரியாதையாகத்தான் பேசினார்கள், ஒவ்வொருவரும் அடுத்த அலுவலகத்துக்கு வழி சொன்னார்கள்.

ஆக்கிரமிப்பு பற்றியும் சொல்லவேண்டும். ஏரியைக் காப்பாற்று என்றவுடன் எல்லோர் கண்ணும் கரையோரக் குடிசைக்குத்தான் போகும். 2007-லேயே ஏரி ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் வந்துவிட்டது, அதில் குடிசை என்றும் கல்யாண மண்டபம் என்றும் பிரித்து எழுதவில்லை. இருந்தாலும் முதலில் போவது குடிசைதான். போனவர்களை எங்கே குடிவைக்கிறார்கள் என்று பாருங்கள்: பெரும்பாக்கம், செம்மஞ்சேரி. அதே சதுப்பின் நீர் போகும் வழி. நீர்நிலையை ஆக்கிரமித்தாய் என்று துரத்தி, இன்னொரு நீர்நிலையில் அடுக்குமாடி கட்டிக் கொடுத்து, மழை வந்தால் படகில் போய்ச் சோற்றுப் பொட்டலம் கொடுப்பது. இதற்கு மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறதே, அது தேவலை. அங்கே லேக்கும் இல்லை வியூவும் இல்லை, 1920-களில் நெடிய ஏரியைத் தூர்த்து தி.நகர் கட்டி நூறு வருஷமாகப் போகிறது, யாரையும் யாரும் குற்றம் சொல்வதில்லை.

எங்கள் குழாய்க்கு வருகிறேன்.

அடுக்ககச் சங்கக் கூட்டத்தில் விஷயத்தைச் சொன்னேன். இவ்வளவு நாள் என்னோடு ஏரியில் இறங்கியவர்கள்தான் முக்கால்வாசிப் பேர். "எல்லாரும்தான் விடறாங்க, நம்ம மட்டும் அடைச்சா ஏரி சுத்தமாயிடுமா?" என்று முதல் குரல். "பாதாளச் சாக்கடை வரும்போது பார்த்துக்கலாம்" என்று இரண்டாவது. லாரியை வாரம் இரண்டு தடவை கூப்பிட்டால் வீட்டுக்கு மாதம் எவ்வளவு கூடுதலாக ஆகும் என்று பொருளாளர் கணக்குப் போட்டுச் சொன்னதும் ஏரி மேல் இருந்த பாசம் சட்டென்று இறங்கியது. அந்தத் தொகை ஒரு வீட்டுக்கு இரண்டு பீட்சா விலைகூட இல்லை என்று என் மனைவி சொன்னாள். யாரும் சிரிக்கவில்லை. மூன்று கூட்டம், ஒரு சண்டை, இரண்டு பேர் வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேற்றம், ஒருவர் திரும்பச் சேர்ப்பு. கடைசியில் குளியல் தண்ணீர், துணி துவைக்கும் தண்ணீரைத் தனியாகப் பிரித்து வடிகட்டித் தோட்டத்துக்கும் கழிப்பறைக்கும் விடுவது, மிச்சத்துக்கு லாரி என்று முடிவானது. குழாயைச் சிமெண்ட் வைத்து அடைத்த அன்று மேஸ்திரி, "மழையில டேங்க் பொங்குனா என்னைக் கேக்கக்கூடாது" என்று எழுதி வாங்காத குறையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு தடவை பொங்கத்தான் செய்தது. ஏச்சு முழுக்க எனக்கு.

இதற்கிடையில் மேல்பக்கம் மூன்று தெருக்களுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பு வந்தது. மற்ற குழாய்க்காரர்களில் நாலு பேர் அடைத்தார்கள், ஒருவர் நாங்கள் அடைத்ததைப் பார்த்து, மூன்று பேர் நோட்டீஸ் வந்ததால். இன்னும் பல குழாய்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. கல்யாண மண்டபம் அசையவில்லை.

போன சித்திரையில் மேட்டுப் பக்கம் ஏரி இருபது முப்பதடிக்குப் பின்வாங்கியது. சேறு காய்ந்து பாளம் பாளமாக வெடித்து, ஓரத்தில் புல் முளைத்திருந்தது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, மாட்டை மட்டும் உள்ளே ஓட்டிவிட்டிருந்தார். அன்று சாயங்காலம் அடுக்கக வாட்ஸ்அப் குழுவில் மூன்றாவது மாடிக்காரர் பால்கனியிலிருந்து எடுத்த போட்டோவைப் போட்டு, மூன்று சிவப்பு ஆச்சரியக்குறியோடு எழுதியிருந்தார்: "நம்ம ஏரி வத்திக்கிட்டு இருக்கு!!! உடனே கலெக்டருக்கு மனு கொடுக்கணும்." கீழே பதினேழு பேர் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். நான் நீளமாக ஒரு பதில் தட்டச்சு செய்து, அழித்து, மறுபடி தட்டச்சு செய்து, கடைசியில் அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இடது ஓரத்தில், புள்ளி மாதிரி, இரண்டு மாடுகள்.